டிபிடி பிளாஸ்மா ரியாக்டர்: எரியவில்லையா, எரிந்தும் கணக்கு உதைக்கிறதா?

சூளையும் கொதிகலனும் இல்லாமல், மின்சாரத்தை மட்டும் வைத்துக் கார்பன் டை ஆக்சைடைக் கார்பன் மோனாக்சைடாக உடைப்பதற்குத்தான் இந்த டிபிடி (டைஎலக்ட்ரிக் பேரியர் டிஸ்சார்ஜ், அதாவது மின்காப்புச் சுவர் வைத்த மின்னிறக்கம்) ரியாக்டரைக் கட்டுகிறோம். வாயு அதிகம் சுடாது. அதற்குள் ஓடும் எலக்ட்ரான்களுக்கு மட்டும் பத்தாயிரம் டிகிரிக்கு மேல் வெப்பநிலை. அதனால்தான் இதற்கு வெப்பமில்லாப் பிளாஸ்மா என்று பெயர். இதில் புதுமை ஒன்றும் பெரிதாக இல்லை. 1857-ல் வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்கச் செய்த குழாயின் பேரப்பிள்ளைதான் இது. இரண்டு மின்முனைகள், நடுவில் வாயு, ஒரு மின்முனையை மறைத்து ஒரு மின்காப்புச் சுவர். அந்தச் சுவர் இருப்பதால் தீப்பொறி முழு வில்லாக வளராமல், நானோநொடிகளில் அணைந்து அணைந்து மீண்டும் பிறக்கும்.

பேச்சு பிடிபட ஒரு ரியாக்டரை எடுத்துக்கொள்வோம். 20 மி.மீ. உள்விட்டம், 24 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட குவார்ட்ஸ் குழாய். நடுவில் 16 மி.மீ. ஸ்டீல் தடி, அதில் உயர் மின்னழுத்தம். வெளியே 10 செ.மீ. நீளத்துக்கு ஸ்டீல் வலை. அது 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றின் வழியாக எர்த்துக்குப் போகிறது. இடைவெளி 2 மி.மீ., பிளாஸ்மா இருக்கும் கொள்ளளவு சுமார் 11 மி.லி. சப்ளை சில கிலோஹெர்ட்ஸ், உச்சம் 10 கிலோவோல்ட். கணக்குப் போட்டால் குவார்ட்ஸ் சுவரின் மின்தேக்கம் 116 பிக்கோஃபாரட், வாயு இடைவெளியினுடையது 25, இரண்டும் தொடரில் சேர்ந்தால் 20. இந்த 116-ஐயும் 20-ஐயும் ஒரு தாளில் எழுதி ஸ்கோப்பின் (ஆசிலோஸ்கோப்) மேல் ஒட்டிவிடுங்கள். பாதிப் பிழைகளை இந்த இரண்டு எண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

கை வைக்கும் முன்

சப்ளையை அணைத்தாலும் குழாய்ச் சுவரிலும் கேபிளிலும் மின்னூட்டம் தங்கியிருக்கும். எர்த் குச்சியால் தடியைத் தொட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்புறம்தான் விரல். வெளியேறும் குழாயில் வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாடையே கிடையாது. ஓசோனை மூக்கு பிடித்துவிடும், இதைப் பிடிக்காது. அலாரம் உள்ள மானிட்டர் இல்லாத அறையில் இந்த ரியாக்டரை ஏற்றக் கூடாது. ஃப்யூம் ஹூட் இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான்.

வோல்டேஜ் ஏறுகிறது, ஒளியே வரவில்லை

எல்லோரும் முதலில் சப்ளையைத்தான் சந்தேகிப்பார்கள். வேண்டாம். கார்பன் டை ஆக்சைடை மூடிவிட்டு ஆர்கானை விடுங்கள். ஆர்கான் குறைந்த மின்னழுத்தத்திலேயே பற்றிக்கொள்ளும். பற்றினால் மின்சுற்று சரி. உங்கள் மின்னழுத்தம் கார்பன் டை ஆக்சைடுக்குப் போதவில்லை, அவ்வளவுதான். வெளியேறும் குழாய் அடைத்து உள்ளே அழுத்தம் ஏறியிருந்தாலும் இதே கதைதான். பபுளரில் குமிழி வருகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஆர்கானும் பற்றவில்லையா? ஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறைக்கு மாற்றுங்கள். எக்ஸில் தடியின் மின்னழுத்தம், ஒய்யில் அந்த 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரின் மின்னழுத்தம். ஒய்யைக் கெப்பாசிட்டர் மதிப்பால் பெருக்கினால் மின்னூட்டம். பிளாஸ்மா இல்லாதபோது சாய்ந்த ஒரு நேர்கோடுதான் தெரியும். அதன் சரிவு 20 பிக்கோஃபாரட் அருகில் இருக்க வேண்டும். சரிவு பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் எங்கோ வயர் விட்டுப்போயிருக்கிறது. 40, 50 என்று வந்தால் கேபிளும் ஸ்டாண்டும் சேர்ந்து உங்கள் மின்னோட்டத்தைத் தின்கின்றன.

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்றும் உண்டு: பிளாஸ்மா ஜோராக எரியும், ஒய்யில் மட்டும் ஒன்றும் இருக்காது. எங்கள் கூடத்தில் இதற்காக இரண்டு நாள் சப்ளையை நோண்டினோம். கடைசியில், வலையின் ஒரு கம்பி நீட்டிக்கொண்டு இரும்பு ஸ்டாண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மின்னோட்டம் முழுவதும் கெப்பாசிட்டரைத் தவிர்த்துவிட்டு ஸ்டாண்ட் வழியாக எர்த்துக்கு இறங்கியிருக்கிறது.

பற்றுகிறது, உடனே துவண்டு அணைகிறது

டிரான்ஸ்ஃபார்மரின் தூண்டலும் ரியாக்டரின் மின்தேக்கமும் சேர்ந்து ஒரு ஒத்திசைவு அதிர்வெண் வைத்திருக்கும். பற்றாதபோது ரியாக்டர் 20 பிக்கோஃபாரட். பற்றியதும் வாயு இடைவெளி மின்சாரம் கடத்தத் தொடங்க, அது 116-ஐ நோக்கி நகரும். ஒத்திசைவு கீழே இறங்கிவிடும். நீங்கள் பழைய அதிர்வெண்ணிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். பற்றிய கையோடு அதிர்வெண்ணை மெல்லக் குறைத்துப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரிகிறது

தடி நடுவில் இல்லை. 2 மி.மீ. இடைவெளியில் அரை மி.மீ. விலகினாலே ஒரு பக்கம் ஒன்றரை, மறுபக்கம் இரண்டரை ஆகிவிடும். குறுகிய பக்கம் முதலில் பற்றும், மறுபக்கம் இருட்டாகவே கிடக்கும். விளக்கை அணைத்துவிட்டுக் குழாயைச் சுற்றிவந்து பாருங்கள், கண்ணுக்கே தெரியும். இரு முனைகளிலும் டெஃப்லான் ஸ்பேசர் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சுற்றிவந்து பார்க்க முடியாத இடத்தில் இருந்தால் லிசாஜூ படத்தை, அதாவது மேலே சொன்ன அந்த எக்ஸ்-ஒய் படத்தைக் கேளுங்கள். பிளாஸ்மா எரியும்போது நேர்கோடு விரிந்து சாய்சதுரமாகும். படுத்திருக்கும் இரண்டு பக்கங்களின் சரிவு 20, செங்குத்தாக நிற்பவற்றின் சரிவு 116 என்று வர வேண்டும். 116-க்குப் பதில் 70, 80 என்று வந்தால் சுவரின் ஒரு பகுதிதான் பிளாஸ்மாவைப் பார்க்கிறது. மூலைகளும் கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருக்கும். மின்னழுத்தத்தைக் கூட்டும்போது சரிவு 116-ஐ நோக்கி ஏறினால், தடி கோணல் என்பதைவிட மின்னழுத்தம் போதவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ரியாக்டருக்கு வெளியே ஊதா ஒளி, ஓசோன் வாடை

வலை குழாயை இறுகப் பிடிக்காத இடங்களில் வலைக்கும் குவார்ட்ஸுக்கும் நடுவே அறைக் காற்று இருக்கும். அங்கேயும் ஒரு குட்டிப் பிளாஸ்மா எரிகிறது. வாடை தொல்லை ஒருபுறம் இருக்கட்டும், அந்த மின்சாரமும் உங்கள் லிசாஜூ பரப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் கார்பன் டை ஆக்சைடுக்குப் போகாத ஆற்றலை அதன் கணக்கில் எழுதுவீர்கள். வலைக்கு அடியில் குழாயில் மெல்லிய சில்வர் பெயின்ட் பூசினால் இடைவெளி அடைபடும். வலையின் வெட்டு முனைகளை மடித்துவிடுங்கள். கூர்முனை ஒவ்வொன்றும் ஒரு கொரோனா, அதாவது முனையில் கசியும் மின்னொளி. கடலோர ஊர்களில் ஈரக் காற்று நாட்களில் குழாயின் வெளிப்பரப்பு வழியாகவே பொறி ஊர்ந்து போகும். குழாய் முனையை வலையைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் நீட்டிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஏற்றுங்கள்.

ஓசோன் இன்னொரு வேலையும் பார்க்கும். முனைகளில் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் போட்டிருந்தால் அது மெல்ல வெடித்துப் பிளக்கும். விட்டான் (Viton) ரப்பர் தாங்கும். இது பின்னால் வேறு அறிகுறியாக வந்து நிற்கும், சொல்கிறேன்.

வெள்ளையாக ஒரே ஒரு பொறி, கூடவே ஒரு சடக்

உடனே அணையுங்கள். சுவர் ஓட்டையாகிவிட்டது. சாய்சதுரம் காணாமல் போயிருக்கும், மின்னோட்டம் எகிறியிருக்கும். குழாயை மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. ஏன் ஓட்டையானது என்பதைத்தான் பார்க்க வேண்டும். குவார்ட்ஸ் வெப்ப அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். அலுமினாவுக்கு மின்தேக்கம் அதிகம் கிடைக்கும் என்று அதற்கு மாறுபவர்கள் திடீரெனச் சூடேற்றி உடைத்துக்கொள்வார்கள். ஓட்டை வலையின் ஓரத்துக்கு நேராக இருந்தால், அங்கே புலம் குவிந்திருக்கிறது.

மீத்தேனும் சேர்த்து ஓட்டுகிறேன், ஒரு மணி நேரத்தில் எல்லாம் மாறிவிடுகிறது

கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் சேர்த்து விட்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும். கூடவே கரியும் வரும். தடியில் மயிரிழை மாதிரிக் கரி வளர்ந்து, குவார்ட்ஸில் கறுப்புப் படலம் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் படலம் வலையின் எல்லையைத் தாண்டிப் பரவ, மின்முனையே நீண்டுபோன மாதிரி ஆகும். முதல் பத்து நிமிடத்தில் எடுத்த எண்ணும் கடைசியில் எடுத்த எண்ணும் வேறு வேறு ரியாக்டர்களுடையவை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மீத்தேன் விகிதத்தைக் குறைப்பது முதல் வழி. சுத்தம் செய்ய, மீத்தேனை மூடி, நைட்ரஜன் விட்டு ரியாக்டரைப் பலமுறை கழுவிய பிறகு மட்டும் காற்றை விட்டுப் பிளாஸ்மாவை ஏற்றுங்கள். கரி எரிந்து போகும். கழுவாமல் விட்டால் மீத்தேனும் ஆக்சிஜனும் பொறியும் ஒரே குழாயில் சந்திக்கும். அது பிழை நீக்கும் வழி இல்லை. எரியும்போது வரும் கார்பன் டை ஆக்சைடையும் மோனாக்சைடையும் அளந்துவையுங்கள். உங்கள் கார்பன் கணக்கில் காணாமல் போனது அங்கேதான் இருக்கிறது.

வாட் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

சப்ளையின் முகப்பில் 50 வாட், லிசாஜூவில் 30. இரண்டும் சரியாக இருக்கலாம். முதலாவது பிளக்கில் இருந்து இழுத்தது, இரண்டாவது பிளாஸ்மாவுக்குள் போனது. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிறது, தொட்டுப் பார்த்தால் தெரியும் (அணைத்த பிறகு). இரண்டையும் எழுதிவையுங்கள். எதை எழுதினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

லிசாஜூ எண்ணே பொய் சொன்னால்தான் சிக்கல். வோல்ட் பெருக்கல் ஆம்பியர் என்று பள்ளிக்கணக்குப் போட்டிருந்தால் அதை அப்படியே அடித்துவிடுங்கள். இந்தச் சுமை பெரும்பாலும் மின்தேக்கம், மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு சேராமல் கட்டம் (phase) விலகித்தான் நிற்கும். பெருக்கிய எண் உண்மையைவிடப் பல மடங்கு பெரிதாக வரும். சாய்சதுரத்தின் பரப்பை அதிர்வெண்ணால் பெருக்குவதுதான் வழி. 1943-ல் மேன்லி ஓசோன் குழாய்களுக்குச் சொன்ன முறை, இன்னும் அதேதான்.

அந்தப் பரப்பு கெப்பாசிட்டரின் மதிப்போடு நேராக ஏறி இறங்கும். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் தட்டையாக இருக்கும் செராமிக் கெப்பாசிட்டர் என்றால் பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. மின்னழுத்தம் ஏற ஏற அந்த வகையின் மின்தேக்கம் இறங்கிக்கொண்டே போகும். மேலே எழுதிய எண்ணை நம்பிப் பெருக்கினால் இல்லாத வாட் எல்லாம் வரும். பாலிபுரோப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள், எல்சிஆர் மீட்டரில் அளந்து அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். அப்புறம் ஆயிரத்துக்கு ஒன்று உயர் மின்னழுத்த புரோப். அதன் பெட்டியில் சின்னச் சின்னத் திருகுகள் இருக்கும். சதுர அலை கொடுத்து அவற்றைச் சரிசெய்யாமல் விட்டால் கட்டம் கொஞ்சம் தவறும். அந்தக் கொஞ்சம் போதும், பரப்பைக் கெடுக்க. சோதனை எளிது: பிளாஸ்மா பற்றாத குறைந்த மின்னழுத்தத்தில் கோடு ஒற்றைக் கோடாக இருக்க வேண்டும். மெல்லிய முட்டை மாதிரி விரிந்திருந்தால் அந்த முட்டையின் பரப்பு முழுக்க உங்கள் அளவீட்டுப் பிழை.

உடைந்த சதவீதம் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வருகிறது

நம்பாதீர்கள். ஆட்கள் கொண்டாடிக்கொண்டு வரும் பிழை இது ஒன்றுதான்.

தூய கார்பன் டை ஆக்சைடு விடுகிறீர்கள். பிளாஸ்மா இல்லாமல் ஜிசியில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப்) அதன் பீக் பரப்பு 1000. ஏற்றியதும் 727. ஆக 27.3 சதவீதம் உடைந்தது என்று எழுதுவீர்கள். உண்மை 20 சதவீதம்தான். ஒரு மூலக்கூறு உடைந்தால் ஒரு கார்பன் மோனாக்சைடும் அரை ஆக்சிஜனும் வரும், ஒன்று ஒன்றரையாகிறது. 100 மூலக்கூறில் 20 உடைந்தால் மீதி 80, புதிதாக 30, மொத்தம் 110. ஜிசி ஊசி இழுப்பது எப்போதும் ஒரே கொள்ளளவு. அதில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு 110-க்கு 80, அதாவது 72.7 சதவீதம். அந்த 27.3-ல் 20 உடைந்ததால் குறைந்தது, மீதி 7.3 விரிந்ததால் நீர்த்துப்போனது.

தூய வாயு என்றால் திருத்தம் ஒரே வரி: தெரியும் மதிப்பை இரண்டால் பெருக்கி, மூன்றிலிருந்து தெரியும் மதிப்பைக் கழித்ததால் வகுங்கள். 0.273-ஐ வைத்துப் பாருங்கள், 0.2 வரும். மீத்தேன் சேர்ந்தால் இந்தச் சூத்திரம் செல்லாது; அங்கே இரண்டு மூலக்கூறு நான்காகிறது, விரிவு இன்னும் மோசம். அப்போது ரியாக்டருக்குப் பின்னால் தெரிந்த அளவு நைட்ரஜனைக் கலந்து அதை அளவுகோலாக வையுங்கள். பின்னால் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். முன்னால் கலந்தால் நைட்ரஜனும் பிளாஸ்மாவுக்குள் போய் வேதிவினையை மாற்றும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் வரும். சோப்புக் குமிழி மீட்டரால் வெளியேறும் ஓட்டத்தை அளப்பது இரண்டாம்பட்சம். கார்பன் டை ஆக்சைடு சோப்பு நீரில் கொஞ்சம் கரையும்.

கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்றாக இல்லை

ஆக்சிஜன் அதிகம், கூடவே நீங்கள் விடாத நைட்ரஜனின் பீக்கும் தெரிகிறது என்றால் காற்று கசிந்து வருகிறது. முதலில் சொன்ன ஓ-ரிங் ஞாபகம் இருக்கிறதா, அதைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியும். ஆக்சிஜன் குறைந்தால் புது ஸ்டீல் தடியின் மேற்பரப்பு அதை வாங்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரம் ஓடினால் நின்றுவிடும்.

மொத்தக் கார்பனே பொருந்தவில்லை என்றால் எம்எஃப்சி (வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர்). அது நைட்ரஜனுக்கு அளவீடு செய்தது என்றால் 30 என்று வைத்தாலும் உள்ளே போகும் கார்பன் டை ஆக்சைடு 22 மி.லி. அளவில்தான் இருக்கும், ஏனென்றால் திருத்தக் காரணி சுமார் 0.74. ஜிசியில் நாளுக்கு நாள் பீக்குகள் முன்னே நகர்ந்தால், ஜிசியின் மூலக்கூறு சல்லடைக் குழாயில் (column) கார்பன் டை ஆக்சைடு ஏறி உட்கார்ந்திருக்கிறது. சூடேற்றி விரட்டுங்கள்.

வினையூக்கி போட்டதும் மாறிவிட்டது

வினையூக்கியின் வேலையா, அதைத் தாங்கும் உருண்டைகளின் வேலையா? உருண்டைகள் நிரப்பினால் 11 மி.லி. இடத்தில் வாயுவுக்கு மிஞ்சுவது சுமார் 4 மி.லி.தான், தங்கும் நேரமும் அதே விகிதத்தில் குறையும். அதே அளவு வெற்று அலுமினா உருண்டைகளைப் போட்டு, அதே வாட்டில் ஒரு முறை ஓட்டிவிட்டு அப்புறம் பேசலாம்.

எல்லாம் சரியாக ஓடுகிறது

இதுவும் ஒரு அறிகுறிதான். பிளாஸ்மாவில் 30 வாட், நிமிடத்துக்கு 30 மி.லி., திருத்திய 20 சதவீதம். லிட்டருக்கு 60 கிலோஜூல், மோலுக்குச் சுமார் 1470. வினைக்குத் தேவைப்படுவது மோலுக்கு 283 கிலோஜூல். அதில் 20 சதவீதத்தை 1470-ஆல் வகுத்தால் ஆற்றல் திறன் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. டிபிடிக்கு இது சாதாரணம். நன்றாகச் செய்தாலும் 10 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது, இதில் உங்கள் தடியும் வலையும் குற்றவாளிகள் இல்லை. மூலக்கூறை அதிரவைத்து உடைப்பது மலிவு. இங்கே இருக்கும் புலத்தில் எலக்ட்ரான்கள் அதிகமும் மின்னணுக் கிளர்ச்சிக்கே செலவாகின்றன. மைக்ரோவேவ், கிளைடிங் ஆர்க் வகைகள் இதைவிட மேலே போகின்றன. ஸ்னூக்ஸும் போகார்ட்ஸும் 2017-ல் எழுதிய மதிப்பாய்வில் பிற வழிகளோடு போட்டியிட 60 சதவீதம் வேண்டும் என்று வைத்தார்கள்.

இப்போது கார்பன் கணக்கு. ஒரு மணி நேரத்தில் போன வாயு 1.8 லிட்டர், அதில் உடைந்தது 0.65 கிராம் கார்பன் டை ஆக்சைடு. செலவான மின்சாரம் 0.03 யூனிட். இந்திய மின்கட்டத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 21 கிராம். முக்கால் கிராம்கூட உடைக்காமல் இருபத்தொரு கிராமை எங்கோ ஒரு அனல்மின் நிலையப் புகைபோக்கியில் விட்டிருக்கிறோம். பிளக்கில் இழுத்த 50 வாட்டை எடுத்தால் 35 கிராம்.

திறன் நூறு சதவீதம் ஆனாலும் இது தீராது. ஒரு மோலுக்கு 283 கிலோஜூல் என்பது 0.079 யூனிட், அதற்கு 55 கிராம் வெளியாகும், உடைவதோ 44 கிராம். ஆக, இந்தப் பிழையை ரியாக்டருக்குள் தேடிப் பயனில்லை, மின்சாரம் வரும் வயரில் இருக்கிறது. நார்வேயில் 1905-ல் பிர்க்கலாண்டும் ஐடேயும் மின்வில்லால் காற்றிலிருந்து உரம் செய்யத் தொடங்கியதும் அருவி மின்சாரத்தை நம்பித்தான். அது வெப்ப வில், இந்த வகை இல்லை. ஹேபர்-போஷ் முறை குறைந்த ஆற்றலில் அதே நைட்ரஜனைக் கட்டியதும் அது பின்வாங்கியது.

உங்கள் ரியாக்டருக்கு வரம்பு எது என்று தெரிந்துகொள்வது சுலபம். உடைத்த கிராமைச் செலவான யூனிட்டால் வகுங்கள். நம் உதாரணத்தில் 0.65-ஐ 0.03-ஆல் வகுத்தால் 22 கிராம் அளவில் வரும். யூனிட்டுக்கு 22 கிராமுக்கு மேல் விடும் எந்த மின்சாரத்திலும் இந்த ரியாக்டர் நட்டம்தான். பிளக்கில் அளந்தால் வரம்பு 13 கிராமுக்கு இறங்கும். வெளியே வரும் கார்பன் மோனாக்சைடு நிலக்கரியிலிருந்தோ இயற்கை வாயுவிலிருந்தோ செய்ததற்கு மாற்றாகப் போனால் வரவு கொஞ்சம் கூடும், அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். அதற்கு முன்னால், மின்சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண எனர்ஜி மீட்டர் ஒன்றை வாங்கிச் சப்ளையின் பிளக்கில் சொருகி, லாக் புத்தகத்தில் லிசாஜூ வாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.